மீசை வீடு

ஆலங்கிணற்று ரேஷன் கடையில் மாதத்தின் முதல் திங்கட்கிழமை ஏ போடுவார்கள். இங்கிலீஷில் ஒவ்வொரு சாமானுக்கும் முன்னால் வந்து நிற்குமே, அந்த ஏ-தான். மூட்டையில் வரும், பொரி மாதிரி லேசாக இருக்கும், கார்டுக்கு இரண்டு படி. வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு கை அள்ளி விசிறினால் போதும், குடம், குடை, கோழி, கட்டில் எல்லாவற்றிலும் போய் ஒட்டிக்கொள்ளும். அன் என்று இன்னொரு ரகமும் உண்டு. அது கொஞ்சம்தான் வரும், யானைக்கும் என்ஜினியருக்கும் ஆகும் என்று தனியாக எடுத்து வைத்துவிடுவார்கள். தி மட்டும் பொட்டலம். கார்டுக்கு ஒன்று. மாதத்துக்கு ஒன்று இல்லை, ஆயுசுக்கு ஒன்று.

ஏ ஒட்டின சாமான் எதுவும் ஒருத்தருக்கென்று இருக்காது. கோயில் வாசலில் ஏ குடையை வைத்துவிட்டுப் போனால், திரும்பும்போது கைக்கு வந்த குடையை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டலாம், சண்டை கிடையாது. ஏ பஸ் வந்தால் ஏறிக்கொள்ள வேண்டும். அது ஏதோ ஓர் ஊருக்குப் போகும், அங்கேயும் நாலு பேர் இருப்பார்கள், சௌக்கியம் விசாரித்துவிட்டு வரலாம். தி ஒட்டினது அப்படி இல்லை. அது ஒன்றே ஒன்று. பார்த்தவர்களுக்கெல்லாம் அதைத் தெரியும், பார்க்காதவர்களுக்கும் தெரியும். அதைத் தொலைக்கவும் முடியாது, மாற்றவும் முடியாது.

ஆயுசுக்குக் கிடைக்கிற ஒரே ஒரு தி-யை மனிதர்கள் எதில் ஒட்டுவார்கள் என்று நினைக்கிறீர்கள்? அதை ஏன் கேட்கிறீர்கள். தெற்குத் தெருவில் இருபத்திரண்டு வீடு, இருபத்திரண்டு கூத்து. ஆவுடையம்மாள் தன் ரசத்தில் ஒட்டினாள். ஓய்வுபெற்ற தபால்காரர் சங்கிலிபூதம் தும்மலில் ஒட்டிக்கொண்டார். அவர் தும்மினால் பக்கத்து ஊரில் ஆட்டுக்குப் புல் அறுக்கிறவர்கள்கூட நிமிர்ந்து, "சங்கிலிபூதம்" என்று சொல்லிவிட்டுத்தான் மறுபடியும் குனிவார்கள். கடைசி வீட்டுக்காரர் தன் நாயின் சோம்பலில் ஒட்டினார். நாய்க்குக்கூட ஒட்டவில்லை பாருங்கள், சோம்பலுக்கு.

செண்பகவடிவு அப்படிப்பட்டவள் இல்லை. அவள் பள்ளிக்கூடத்துச் சத்துணவு சமையல்காரி. முந்நூறு பிள்ளைகளுக்கு உப்புப் போடுகிற கை, அந்தக் கைக்கு அளவு தெரியும். கல்யாணமான வருஷம் வாங்கின தி-யை அஞ்சறைப்பெட்டியில் கடுகுக்குள் புதைத்து வைத்தாள். வீடு ஒன்று கட்ட வேண்டும், கட்டி முடித்து வாசல் நிலைக்கு மேலே தன் கையால் அதை ஒட்ட வேண்டும். அவ்வளவுதான் அவளுடைய ஆசை. வீட்டைக் கட்டிப் பார் என்று சும்மாவா சொன்னார்கள்? பதினோரு வருஷம் ஆயிற்று. கொத்தனார் போன பிறகு குடம் குடமாகச் சுமந்து சுவருக்குத் தண்ணீர் விட்டது அவள். வாசல்படிக்கு நீலச் சாயம் கலந்து பூசியதும் அவள்தான். தெரு முக்கில், வாகை மர நிழலில், வாசலுக்கு இரண்டு பக்கமும் ஜன்னலோடு வீடு எழும்பி நின்றது.

பால் காய்ச்சுகிற அன்று காலையில் அஞ்சறைப்பெட்டியைத் திறந்தாள். கடுகு இருந்தது. கடுகு மட்டும்தான் இருந்தது.

"என்னங்க, இதுல வச்சிருந்ததைப் பாத்தீங்களா?" என்று கூடத்துப் பக்கம் கேட்டாள்.

கூடத்தில் அவள் புருஷன் கோமதிநாயகம் நின்றிருந்தார். அவர் திரும்பினார், மூக்குக்குக் கீழே மீசை இருந்தது. நேற்றுவரை ஒரு மீசையாக இருந்தது, இன்றைக்கு அந்த மீசையாக இருந்தது. பால் காய்ச்சுவதைப் பார்க்க வந்திருந்த சனம் பாலைப் பார்க்கவில்லை. "வந்துட்டுதுடே மீசை" என்று எழுந்து நின்று கும்பிட்டது.

பால் பொங்கி வழிந்ததைக்கூட செண்பகவடிவு பார்க்கவில்லை. "கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைன்னு சும்மாவா சொன்னாக?" என்று ஆவுடையம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ரசத்துக்கு ஒட்டினவளுக்கு வாயைப் பாருங்கள்!

அன்றிலிருந்து செண்பகவடிவு கோமதிநாயகத்தோடு பேசுவதை விட்டுவிட்டாள். மீசையோடு மட்டும் பேசினாள். "மீசைக்கு இன்னொரு தோசை வேணுமா?" "மீசை கிளம்பும்போது குப்பையை எடுத்துட்டுப் போகட்டும்." மீசைக்கோ கொண்டாட்டம். கல்யாணப் பத்திரிகைகள் அதன் பேருக்கே வந்தன. கோயில் கமிட்டிக் கூட்டத்தில் அதற்குத் தனி நாற்காலி போட்டார்கள். கோமதிநாயகம் பக்கத்தில் நின்றுகொண்டார். நாலு வருஷம் இப்படியே ஓடிற்று. வீடு ஏ வீடாகவே இருந்தது.

ஒரு சித்திரை மாதம் மின்கம்பத்தில் அரசாங்க நோட்டீஸ் ஒட்டினார்கள். "ஆலங்கிணற்றில் ஏ ரோடு போடப்படும். அதற்காகத் தெற்குத் தெருவில் ஏ வீடு எடுக்கப்படும்." எந்த வீடு என்று யாரும் கேட்கவில்லை. ஏ வீடு என்று போட்டிருக்கிறதே, எந்த வீடாக இருந்தாலும் சரிதான். தெருவில் இருந்த இருபத்திரண்டும் ஏ வீடுகள்தான்.

மறுநாள் திருவேங்கடம் என்ற என்ஜினியர் வந்தார். சட்டைப் பையில் அன் குத்தியிருந்தது. தெருவை ஒரு தடவை நடந்து பார்த்தார், வாகை மர நிழலுக்கு வந்ததும் நின்றார். மிஷினை நிறுத்த நிழல் வேண்டுமே. செண்பகவடிவின் சுவரில் கையை வைத்துத் தட்டிப் பார்த்தார்.

"நல்ல ஏ வீடும்மா. நாளைக்கு வியாழக்கிழமை, எடுத்துக்கிடுதோம். சாமானை மட்டும் வெளிய வச்சிருங்க."

தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்க எடுத்த செம்பு அவள் கையிலேயே இருந்தது. அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே இறங்கினாள்.

நேராக ரேஷன் கடைக்குப் போனாள். கடைக்காரர் ஞானதிரவியம் நல்ல மனுஷர், ஆனால் விதி என்றால் விதி. செண்பகவடிவின் கார்டை விரித்துப் பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்தார்.

"வடிவக்கா, உங்க தி-யை வாங்கியாச்சு, கையெழுத்தும் போட்டாச்சு. ரெண்டாவது தி வானத்துல இருந்துதான் விழணும்."

"ஒட்டினதைப் பிரிச்சு எடுத்தா?"

"தி மட்டும் தனியா வராதுக்கா. எதுல ஒட்டுச்சோ அதையும் சேத்து எடுத்தாத்தான் வரும்."

அவள் வீட்டுக்கு நடந்தாள். வழியெல்லாம் அழுகை அழுகையாக வந்தது. ரோட்டில் யார் பார்த்தால் என்ன என்று நன்றாகவே அழுதாள். பதினோரு வருஷத்துத் தண்ணீர்க் குடங்கள் அத்தனையும் இடுப்பில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

வீட்டு வாசலில், நீலப் படியில், கோமதிநாயகம் உட்கார்ந்திருந்தார். நோட்டீஸை அவரும் படித்திருந்தார். நாலு வருஷமாகச் சொல்லாததை அன்றைக்குத்தான் வாயைத் திறந்து சொன்னார்.

"பால் காய்ச்சுறதுக்கு முந்தின மழைக்காலம் ஞாபகம் இருக்கா வடிவு?"

இருந்தது. கோமதிநாயகம் பஞ்சு மில்லில் வேலை செய்கிறவர். மில் ஆண்கள் அத்தனை பேரும் ஏ புருஷர்கள். ஷிப்டு முடிந்து சங்கு ஊதினால் நானூறு ஏ புருஷர்கள் வெளியே வருவார்கள், கால் பழக்கத்தில் பெரும்பாலும் அவரவர் வீடு போய்ச் சேருவார்கள். அந்த மழையில் கால் பழக்கம் பிசகிவிட்டது. கோமதிநாயகம் கீழத்தெருவில் யார் வீட்டுக்கோ போய், கை கழுவி, இட்லி சாப்பிட்டு, ஒழுகுகிற குழாயையும் சரிபண்ணிக் கொடுத்தார். செண்பகவடிவு வீட்டுக்கு வேறொருவர் வந்து உட்கார்ந்தார். அவள் அடுப்படியிலிருந்தே கையை நீட்டிப் பரிமாறினாள். "குழம்புல உப்புக் கம்மி" என்று குரல் வந்தது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். அவள் புருஷன் ஒருநாளும் உப்பைப் பற்றி வாயைத் திறந்தவரில்லை. வந்தவரின் டிபன் பாக்ஸைக் கழுவிக் கொடுத்து, "உங்க வீடு இது இல்லைங்க" என்று அனுப்பி வைத்தாள். அவரும் சரி என்று போனார்.

"அன்னைக்கு நான் வந்து சேர ரொம்ப நேரமாச்சு" என்றார் கோமதிநாயகம். "எல்லா வீடும் ஒரே மாதிரி இருக்கு. எல்லா வீட்டுலயும் வாங்கன்னுதான் சொல்லுதாங்க. இனிமே உன்கிட்ட வர முடியாதோன்னு பயந்துட்டேன். அதான் எடுத்து ஒட்டினேன். மீசை இருந்தா யாராவது கொண்டாந்து விட்டுருவாங்கல்ல."

செண்பகவடிவு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாலு வருஷக் கோபம் லேசில் போகிற கோபமா? போகவில்லை. ஆனால் அதற்குப் பக்கத்தில் வேறொன்றும் வந்து உட்கார்ந்தது.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல? நாலு வருஷமா ஒரு மீசைக்குத் தோசை சுட்டிருக்கேன்."

"நீ எங்கிட்ட பேசலையே."

கோமதிநாயகம் மீசையை ஒரு தடவை தடவிப் பார்த்தார். பிறகு, "கத்தியை எடு" என்றார்.

"மீசையில்லாம எப்படி வீடு வருவீங்க?"

"வீடு இருந்தாத்தானே வர்றதுக்கு?"

சலூன்காரரை அழைத்து வந்தார்கள். அவர் மீசைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, முடி ஒன்றுகூடச் சிதறாமல், தோசையைத் திருப்புகிற மாதிரி ஒரே இழுப்பில் முழுசாக எடுத்து மஞ்சள் தடவிய தாம்பாளத்தில் வைத்தார். கோமதிநாயகத்தின் மேலுதடு வெளுத்துப்போய் இருந்தது. செண்பகவடிவு பழைய சோற்றைப் பிசைந்து பசையாக்கினாள், ஸ்டூலில் ஏறினாள், வாசல் நிலைக்கு மேலே, இரண்டு ஜன்னலுக்கும் நடுவில், மீசையை வைத்து அழுத்தினாள். நாலு விரலால் ஓரங்களை முறுக்கியும் விட்டாள். வீடு லேசாகத் தொண்டையைச் செருமிக்கொண்டது.

ஸ்டூலிலிருந்து இறங்கிப் பார்த்தபோது தெருவே வாசலில் நின்றது. முதலில் பேசினது ஆவுடையம்மாள். இந்தத் தடவை அவள் வாயைப் பொத்தவில்லை.

"மதினி, ஒன் வீடு தப்பிச்சுட்டுது. வியாழக்கிழமை அவன் பக்கத்து வீட்டைத்தானே தட்டுவான்? பக்கத்து வீடு என் வீடுல்லா?"

"ஒங்ககிட்ட தி இல்லையா?"

"அது ரசத்துல கெடக்கு."

"ரசம் எங்க கெடக்கு?"

ஆவுடையம்மாள் ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் ஓடினார்கள். மச்சு வீடு, காரை வீடு, கிணத்து வீடு என்று வீட்டுக்குப் பெயர் வைக்கிறது நம்ம ஊரில் இன்றைக்கா நேற்றைக்கா? இத்தனை நாளும் அந்த இருபத்திரண்டு பேருக்கும் அது தோன்றாமல் போனதுதான் அதிசயம். தோன்றின பிறகு நிற்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் மிஷின் வந்தது. வீட்டைவிட உயரமான மிஷின், முன்னால் ஒரு பெரிய கை. தெரு முக்கில் திரும்பியதும் டிரைவர் சட்டென்று பிரேக்கை மிதித்தார். எஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி, தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டை நிமிர்ந்து பார்த்தார்.

"மீசை சௌக்கியமா?" என்று கேட்டார்.

என்ஜினியர் திருவேங்கடம் ஆர்டரைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார். "இது மீசை வீடுல்லா?" என்றார். "இதுக்கு ஆர்டர் இல்லையே. நமக்கு ஏ வீடுதானே சொல்லியிருக்கு."

அடுத்த வீட்டுக்குப் போனார். வாசல் நிலையில் ஒரு ஈயச் சொம்பு தொங்கிற்று, அதிலிருந்து மிளகும் பெருங்காயமும் மணந்தது. "ரச வீடு" என்று அவர் வாய் தானாகச் சொன்னது. அதற்கடுத்த வீட்டில் சங்கிலிபூதம் வாசல் நிலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அதன்மேலேயே தும்மிக்கொண்டிருந்தார். விடியற்காலையிலிருந்து தும்முகிறார், கண்ணெல்லாம் சிவந்துவிட்டது, ஆனாலும் விடவில்லை. தும்மல் வீடு. கடைசி வீட்டுக்காரர் நாயைத் தூக்கி நிலைமேல் மாட்டலாம் என்று பார்த்திருக்கிறார், அது மாட்டவிடவில்லை. வாசலை அடைத்துப் படுத்துக்கொண்டு என்ஜினியரைப் பார்த்து ஒரு கண்ணை மட்டும் திறந்து, அதையும் பாதியில் மூடிக்கொண்டது. சோம்பல் வீடு.

மத்தியானத்துக்குள் இருபத்திரண்டு வீடும் முடிந்துவிட்டது. ஒன்றுகூட ஏ வீடு இல்லை. என்ஜினியர் வாகை மரத்தடிக்கு வந்து உட்கார்ந்தார். பாவம், வெயில்.

செண்பகவடிவு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அண்ணாந்து குடித்தார்.

"எனக்கு ஒரு ஏ வீடு எடுத்தே ஆகணும்மா. ஆர்டர்ல இருக்கு. எடுக்காமப் போக முடியாது."

"எடுக்காமப் போங்கன்னு யார் சொன்னா? எடுத்துக்கிடுங்க" என்றாள் அவள். மின்கம்பத்தைக் காட்டினாள். நோட்டீஸ் ஒட்டியிருந்த இடத்துக்கு ஒரு முழம் மேலே, களிமண்ணில், கட்டைவிரல் அளவுக்கு ஒரு குளவிக்கூடு இருந்தது. குளவி அதைக் காலிசெய்துவிட்டுப் போய் ஒரு மாதம் ஆகியிருக்கும். "அது வீடுதானே? தெற்குத் தெருவுலதானே இருக்கு? தி ஒண்ணும் ஒட்டலையே?"

என்ஜினியர் எழுந்து போய்ப் பார்த்தார். சுற்றிவந்து மறுபடியும் பார்த்தார். ஒட்டவில்லை. "நல்ல ஏ வீடு" என்றார்.

டிரைவர் மிஷினில் ஏறினார். பெரிய கை மெதுவாக உயர்ந்தது, கம்பத்துப் பக்கம் வந்தது, பிள்ளை காதில் தோடு கழற்றுகிற பதத்தில் குளவிக்கூட்டை எடுத்தது. தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. என்ஜினியர் பேனாவை எடுத்து, "ஏ வீடு எடுக்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்போது எழுந்தது பாருங்கள் ஒரு குலவைச் சத்தம், கோயில் கொடைத் திருவிழாவில்கூட அப்படிக் கேட்டதில்லை! ஆவுடையம்மாள் சொம்பை இறக்கி எல்லோருக்கும் ரசம் ஊற்றினாள். சங்கிலிபூதம் தும்மலை நிறுத்திக்கொண்டு குடித்தார். ரோட்டைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. அது ஏ ரோடுதானே, எந்த வழியாகப் போனாலும் ரோடுதான். குளத்துக்கு அடியில் போட்டுக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு என்ஜினியர் இன்னொரு கிளாஸ் ரசம் கேட்டார்.

செண்பகவடிவு மட்டும் அடுப்படிக்குப் போனாள். மில் சங்கு ஊத இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. வீடு நின்றுவிட்டது, சரி. வீட்டுக்கு வர வேண்டியவர்? அவர் காலையில் மழித்த முகத்தோடு வேலைக்குப் போயிருக்கிறார். நானூறு பேரில் ஒருவர். புளிக்குழம்பு வைத்தாள். முந்நூறு பிள்ளைகளுக்கு அளந்து போட்ட அந்தக் கை, உப்பு ஜாடிவரை போய்விட்டு, போடாமல் திரும்பி வந்தது.

சங்கு ஊதிற்று. மில் வாசலில் கோமதிநாயகம் நின்றார். கால் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் தயங்கிற்று. எதிரே வந்த பூக்காரியிடம், "மீசை வீடு எங்கம்மா?" என்று கேட்டார். பூக்காரி கை காட்டினாள். அதைக் கேட்டு டீக்கடையில் இருந்தவர்கள் கை காட்டினார்கள். ஏ பஸ் ஒன்று நின்று, அதன் டிரைவரும் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார். பின்னால் வந்த தெற்குத் தெரு ஆண்கள், "ரச வீடு எங்க?", "தும்மல் வீடு எந்தப் பக்கம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். தெற்குத் தெரு ஆண்கள் ஒருவர்கூடப் பிசகாமல் அவரவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது அன்றைக்குத்தான்.

செண்பகவடிவு வாசல் பக்கம் பார்க்கவில்லை. செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது, கை கழுவும் சத்தம் கேட்டது. அடுப்படிக் கதவுக்குப் பின்னாலிருந்தே கையை நீட்டி இலையைப் போட்டு, சோற்றை வைத்து, குழம்பை ஊற்றினாள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சொல்வார்கள். ஒரு வாய் சாப்பிடும் சத்தம். இரண்டாவது வாய். அவள் கரண்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். மூன்றாவது வாய்.

"வடிவு, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்து" என்றது குரல்.

அவள் கரண்டியோடு ஓடிவந்தாள். அவரேதான். மீசை இல்லாத முகம் வெளுத்துச் சின்னதாக இருந்தது, பார்க்கப் பார்க்க அவளுக்குச் சிரிப்பாகவும் வந்தது, சந்தோஷம் தாங்கவும் முடியவில்லை. மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். உப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசிச் சோற்றுக்கு அவளே உப்பை எடுத்துவந்து இலை ஓரத்தில் வைத்தாள்.

வீட்டில் ஒட்டின மீசை நன்றாக வளர்ந்தது. வாகை நிழலும் சுவர் ஈரமும் அதற்குப் பிடித்திருந்தது. பதினைந்து நாளைக்கு ஒரு தடவை சலூன்காரர் ஏணியோடு வந்து ஜன்னல் மறைக்காத அளவுக்குக் கத்தரித்துவிட்டுப் போனார். கோமதிநாயகத்துக்கு அதற்குப் பிறகு மேலுதட்டில் முடி முளைக்கவில்லை. பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தபோது மிச்சமிருந்த சுண்ணாம்பில் அவருடைய மேலுதட்டுக்கும் ஒரு கை அடித்தார்கள். காய்ந்ததும் செண்பகவடிவு அதன்மேல் ஒரு சின்னக் கோலம் போட்டாள்.